வேனில் ஏறிய பொங்கல் பானை

தொண்ணூறுகளில் ஒரு சித்திரைச் சனிக்கிழமை. மகளுக்கு மொட்டை போட, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்ற குன்றில் இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். மலையடிவாரத்தில் புளியமரத்தடியில் பொங்கல் வைத்தேன். என் வீட்டுக்காரர் தேங்காய் வாங்கப் போயிருந்தார். அரிசி பாதி வேகும்போது மேற்கே மலை கருத்து, காற்றும் இடியும் ஒன்றாக வந்தன.

சுற்றிலும் எல்லோரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். சாமிக்கு வைத்த பொங்கலைப் பாதியில் இறக்கினால் ஆகாது என்று, நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புக்குக் குடை பிடித்தேன்.

ரோட்டில் நின்ற வேனிலிருந்து ஒரு பாய் ஓடி வந்தார்.

"என்னம்மா, இடிக்கையில மரத்தடியில நிக்கீங்க? புள்ளையோட வண்டிக்குள்ள ஏறுங்க!"

"பொங்கல் இன்னும் வேகலையே, பாய்!"

"அதையும் ஏத்திட்டு வாரேன், நீங்க ஓடுங்க!"

தோள் துண்டால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வேனில் உட்கார்ந்ததும் கண்ணைப் பறிக்கும் ஒரு மின்னல். பெரிய கிளை ஒன்று முறிந்து, நாங்கள் நின்ற இடத்திலேயே விழுந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

பாயோ துண்டைச் சுருட்டி மடியில் வைத்து, அதன்மேல் பானையைப் பிடித்திருந்தார்.

"சுடும் பாய், கீழ வைங்க."

"சாமிக்கு வச்சதைக் கால் படுற இடத்துலயா வைக்க? வெரசா மழையை நிக்கச் சொல்லுங்கம்மா, தொடை வேகுது!"

அழுகையிலேயே சிரித்துவிட்டேன்.

மழை விட்டதும் வீட்டுக்காரரும் தேங்காயோடு வந்து சேர, மண்டபத்து ஓரத்தில் அடுப்பு மூட்டி, அதே பொங்கலை வேகவைத்துப் படைத்தேன். பாயும் எங்களோடு சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் கோடையில் இடிச் சத்தம் கேட்டால் முதலில் பேரப்பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறேன். பூஜை பிறகுதான். பெருமாளுக்குக் காத்திருக்கத் தெரியும்.