பட்டறைக்கு நடுவே சூடு

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகிக் குரும்பலூருக்கு வந்த மறு வருஷம். பிடுங்கிய சின்ன வெங்காயத்தில் விதைக்கென்று ஒதுக்கியதை என் வீட்டுக்காரர் பட்டறை போட்டார். மூங்கில் தட்டியை வட்டமாக வளைத்துக் கட்டி, கல்மேல் நிறுத்தி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி வைப்பதுதான் பட்டறை. அடுத்த நடவு வரைக்கும் அது கெடக் கூடாது. அழுகினால் அந்தப் போகம் காடு தரிசுதான். வேறு விதைக்கு எங்களிடம் வழி கிடையாது.

எனக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் மேலிருந்து தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஓரத்தில் குளிர்ச்சி, நடுவில் சூடு.

"நடுவுல சுடுதுங்க. காத்து போவல" என்றேன்.

"வெங்காயத்துக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பொசுக்கென்று கோபம் வந்தது. காற்று வெளிப்பக்கமாகத்தானே நுழையும்? பட்டறை ஒல்லியாக இருந்தால் நடு வரைக்கும் வந்துவிடுமே. அவர் சந்தைக்குப் போன நேரத்தில் எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். தட்டியைச் சரிபாதியாக வெட்டி, அதே உயரத்தில் இரண்டு ஒல்லிப் பட்டறை கட்டினேன். இரண்டும் நிறைந்துவிட்டன. பாதி வெங்காயம் தரையிலேயே கிடந்தது.

இதென்ன கூத்து! அதே தட்டி, அதே உயரம், அதே வெங்காயம். மீதி இடம் எங்கே போனது? கயிற்றை வட்டமாகப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு பாதியானால் உள்ளிடம் பாதியாகவில்லை, காலாகிவிடுகிறது. இரண்டு கால் சேர்ந்தால் பாதிதானே. எல்லாம் அடங்க இன்னும் இரண்டு பட்டறை வேண்டும், அதற்கு இன்னொரு முழுத் தட்டி. பயத்தைக்கூட மறந்து அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்து நின்றார். "என்னா புள்ள பண்ணி வச்சிருக்க? மழ வந்தா விதை போச்சு."

"இன்னொரு தட்டி இருந்தா ஆச்சுங்க."

"எங்க இருக்கு?"

நான் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டியிருந்த மூங்கில் தட்டியைக் காட்டினேன். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரே அவிழ்த்தார். நடவு வரைக்கும் பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, அதற்குள் குளித்தேன். காற்றடித்தால் மானம் போகும்.

நடவுக்கு முந்தின நாள் நாலையும் பிரித்தோம். அவர் கை நேராக நடுவில்தான் போனது. ஒன்றிரண்டு முளைவிட்டிருந்தன, அழுகல் இல்லை. காடு முழுக்க நட்டோம்.

அடுத்த வெங்காயம் பிடுங்கியதும், தட்டி வாங்கப் பெரம்பலூருக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"எத்தனை தட்டி வேணும், சொல்லு."

கல்யாணமாகி அவர் என்னைக் கேட்டுச் செய்த முதல் காரியம் அதுதான்.