ஷேடு பார்க்கிறவர் பார்த்த மானிட்டர்

எனக்குத் துப்பாக்கி விளையாட்டு பிடிக்கும். இதை வெளியில் சொன்னால் ஆம்பூரில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாற்பதை எட்டப்போகிற பொம்பளை. ஷூ கம்பெனி ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு தோலில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் வீணாகாது என்று கோடு போடுகிறவள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களைச் சுடுகிறாள் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? என்னோடு ஆடுகிறவர்கள் நான் காலேஜ் படிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும் என்று மைக்கை ஆன் பண்ணுவதே இல்லை.

என்னிடம் இருந்தது ஆபீசில் கழித்துக் கட்டிய மானிட்டர். வேகமாகத் திரும்பினால் படம், காயாத சாயத்தைக் கையால் இழுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். எதிரி யார், சுவர் எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் நான் செத்துக் கிடப்பேன். தோற்பதில்கூட எனக்கு வருத்தமில்லை, மானிட்டரால் தோற்பதுதான் வயிற்றெரிச்சல். அதனால் மாசக்கணக்கில் வீடியோக்களாகப் பார்த்தேன். ஒரு நொடிக்குள் படம் எத்தனை தடவை மாறவேண்டும், அதற்கு ஹெர்ட்ஸ் என்று பெயர், எந்த பேனலில் கறுப்பு நன்றாக வரும், எதில் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, எல்லாம் மனப்பாடம். பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் டாக்டராகியிருப்பேன்.

புது மானிட்டர் வாங்கும் பேச்சை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷத் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் டிபி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். இருமல் நின்றுவிட்டது. சட்டை மறுபடி உடம்பில் நிற்கத் தொடங்கியிருந்தது. வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. சொன்னால் டீ டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள் என்று பயம். தேறிவருகிறாரே என்கிற சந்தோஷத்தில், நமக்கும் ஏதாவது நல்லது வாங்கிக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஷேடு பார்க்கிறவர். சரக்கு வாங்குகிற பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் தோல் ஒன்று இருக்கும். சாயம் போட்டு முடிந்து வருகிற ஒவ்வொரு லாட்டையும் அதன் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். வடக்குப் பக்க ஜன்னலோரம் நின்று, பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். ட்யூப்லைட்டை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. அவர் தலையாட்டினால் லாட்டு பேக்கிங்குக்குப் போகும், இல்லையென்றால் திரும்பச் சாயத்துக்குப் போகும். எனக்குப் புடவை எடுக்கப் போனாலும் கடைக்காரரை வாசலுக்கு வரவழைத்து விடுவார்.

"ஹெர்ட்ஸு கிர்ட்ஸெல்லாம் நீ பாத்துக்கோ. கலர் பாக்கறது என் பொழப்பு, அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு அவர் வண்டியிலேயே வேலூர் போனோம். பள்ளிகொண்டா தாண்டும்வரை நான் பின்னால் உட்கார்ந்து பேனல் வகைகளை விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் காற்றில் ஒன்றும் கேட்காததுபோல ஓட்டினார். கேட்டிருக்கும், பதில் சொல்லப் பிடிக்கவில்லை.

கடைக்கார பாய் பொறுமைசாலி. நான் கேட்ட ஹெர்ட்ஸில் இரண்டு மானிட்டர்களை எடுத்து மேஜைமேல் வைத்து ஆன் பண்ணினார். இவர் உடனே ஆரம்பித்துவிட்டார்.

"ட்யூப்லைட்ல பாத்தா இன்னா தெரியும் பாய்? வெளிச்சத்துக்குக் கொண்டாங்க."

"சார், இது இன்னா துணியா? உள்ளாறயே வெளிச்சம் வெச்சிருக்கான் சார் இதுக்கு."

இருந்தாலும் வயரை இழுத்து, இரண்டு ஸ்டூல் போட்டு, வாசல் பக்கம் வைத்துக் கொடுத்தார். இவர் நேராக நின்று பார்த்தார், குத்துக்காலிட்டுப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். தோலைக் கையில் எடுத்தால் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மேலே சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பது எங்கள் ஊரில் பாதிப் பேர் கையில் ஊறிப்போன பழக்கம். அதே கட்டைவிரல் மானிட்டரின் நட்டநடுவில் போய் அழுத்தியது. விரலைச் சுற்றி நிறமெல்லாம் கலங்கி வட்டமாக ஓடியது.

"அய்யோ சார், கைய எடுங்க! பேனல் பூடும்!" என்று பாய் பாய்ந்து வந்தார். விரலை எடுத்ததும் கலங்கல் போய்விட்டது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு பாய் இரண்டிலும் ஒரே விளையாட்டை ஓடவிட்டார். நான் வீட்டில் ஆடுவதுதான். பச்சைப் புல்காடு, அதற்குள் எதிரி வந்தால் அவன் உடம்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு தெரியும். இடது பக்கத்து மானிட்டரில் எல்லாவற்றிலும் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. எனக்கே தெரிந்தது, இவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டும் ஒரே ஷேடுதான்" என்றார்.

"நல்லா பாருங்க. சரி, அந்த செவப்பு ஆளு எதுல பளிச்சுன்னு இருக்கான்?"

"எந்த ஆளு?"

"எதுக்க நிக்கறானே!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பாய் எதிரில் என் மானத்தை வாங்காதீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், இன்னும் கிட்டே போனார். புல்லுக்குள் விரலால் தேடினார். கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி சிவப்பாக நின்றவனை விரல் தாண்டிப் போயிற்று. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அது கிண்டல் செய்கிற முகம் இல்லை, மாட்டிக்கொண்ட முகம்.

வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் டீக்கடை. டீ சொல்லிவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ஒரு மாசமா. ஜாஸ்தியா கூட இருக்கும். செவப்பு மொதல்ல மங்குச்சு. அப்புறம் பச்சையும் பழுப்பும் ஒண்ணாப் பூடுச்சு."

"அப்போ லாட்டெல்லாம் எப்டி பாஸ் பண்றீங்க?"

"லேப்ல மெஷின்ல வெச்சு நம்பர் எழுதறாங்க இல்ல, அதப் பாப்பேன். சாயம் போட்டவங்க மூஞ்சியப் பாப்பேன். தப்பா வந்திருந்தா மூஞ்சிலயே தெரியும்."

"வண்டி? சிக்னல்?"

"மேல எரியுதா, கீழ எரியுதான்னு பாத்து ஓட்றேன்."

அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் பேனல் பாடம் நடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் தலைகுனிந்தபடியே மிச்சத்தையும் சொன்னார். மாத்திரை கொடுத்த அன்றைக்கே டாக்டர் எச்சரித்திருக்கிறார். ஒரு மாத்திரை சிலருக்குக் கண்ணைத் தொடும், பார்வையில் வித்தியாசம் தெரிந்தால் உடனே ஓடி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் அப்போது வெளியே உட்கார்ந்திருந்தேன். இவர் என்னிடம் சொல்லவே இல்லை.

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க மா. திரும்ப இருமல் வந்துடும். கண்ணு இல்லன்னா ஜன்னல் வேலை பூடும், தோல ஊறப்போடற டிரம் பக்கம் அனுப்புவாங்க. அந்த மருந்துக் காரத்துல இந்த நெஞ்சு எத்தினி நாள் தாங்கும்? அதான் ஆவறது ஆவட்டும்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாசைத் தூக்கி எறிந்திருப்பேன். "பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு? நான் எதுக்கு இருக்கேன் வீட்டுல?" என்று நடுத்தெருவில் கத்தினேன். கோபமெல்லாம் மேலாகத்தான் இருந்தது, அடியில் முழுக்கப் பயம்.

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். "பாய், வண்டி இங்கயே இருக்கட்டும், மானிட்டர அப்புறம் பேசலாம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு பாய் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கண் டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அதற்குள் ஓர் எண். எனக்குத் தூரத்தில் இருந்தே தெரிந்தது. இவர் முட்டியில் கையை வைத்துக்கொண்டு, வாய்ப்பாடு மறந்துபோனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கம் திருப்பத் திருப்ப, "தெரியல டாக்டர்" என்றார். எனக்கு எழுந்து போய்க் காதில் சொல்லிவிடலாம் போல இருந்தது.

அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார்கள். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது, வைத்தியம் தொடரும் என்றார்கள். இத்தனை நாள் இவர் பயந்தது எதற்கு என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கண் திரும்புமா என்று கேட்டேன். "திரும்பலாம். மாசக்கணக்குல ஆகும். எவ்ளோ திரும்பும்னு இப்போ சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அன்றைக்குப் பாய் கடையில் இருந்து வண்டியை எடுத்து ஆம்பூர்வரை நான்தான் ஓட்டினேன்.

மறுநாள் டேனரியில் அவரே போய்ச் சொன்னார். டிபியையும் சொன்னார், கண்ணையும் சொன்னார். மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றார் இவர். கண் சரியாகிற வரைக்கும் பேக்கிங்கில் இரு என்று சொல்லிவிட்டார்களாம். ஜன்னலுக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவதாக ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு, இதை ஏன் சொன்னோம் என்று அவரே கோபித்துக்கொண்டார்.

பாய் போன் பண்ணி, எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். நான் தனியாகப் போய் வலது பக்கத்து மானிட்டரை வாங்கி வந்தேன். இழுபடல் இல்லை, படம் அவ்வளவு துல்லியம். எத்தனை ஆசைப்பட்டேன் அதற்கு! வந்த பிறகு அதில் உட்காரவே எனக்கு மனசு வரவில்லை.

உட்கார்ந்தது அவர். வேலை முடிந்து வந்ததும், "அந்த ஆட்டத்தப் போடு" என்பார். சுடுவதற்கு இல்லை. சிவப்பு ஆள் தெரிகிறானா என்று பார்ப்பதற்கு. எங்கிருந்தோ குண்டு வரும், செத்துப்போவார், மறுபடி ஆரம்பிப்பார். "அவன் எங்க நின்னான்?" என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பார். நான் விரலால் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த தேதிவரை காத்திருக்க அவரால் முடியவில்லை. தினமும் தன் கண்ணைத் தானே பரீட்சை எழுதவைத்துக்கொண்டிருந்தார். தினமும் ஃபெயில் ஆகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது லேசான காரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவர் கை கழுவப் போயிருந்தார். நான் விளையாட்டின் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு தெரியாதவர்களுக்காக, எதிரியைச் சுற்றி வரும் கோட்டை வேறு நிறத்துக்கு மாற்றலாம் என்று அதில் இருந்தது. சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தேன். ஒரு ஆட்டமாவது ஜெயிக்கட்டுமே, அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். புல்காட்டில் ஒருவன் எழுந்தான். சட்டென்று அவர் முதுகு நிமிர்ந்தது. மவுஸை நகர்த்திச் சுட்டார், அவன் விழுந்தான். இன்னொருவன் வந்தான், அவனையும் சுட்டார்.

"வந்துடுச்சு மா!" என்றார். "செவப்பு வந்துடுச்சு! பாரு, எப்டி பளிச்சுன்னு நிக்கறான் பாரு!"

நான் அவரைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலைலயே ஜன்னல்ல போய் நின்னுட்றேன். மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிட்றேன் இரு" என்று போனை எடுத்தார். கண்ணில் தண்ணீர். அத்தனை மாசத்தில் அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சத்தியமாக நினைத்தேன். ஆனால் அந்த ஜன்னலோரம் இவர் நின்று ஒரு லாட்டைக் கையில் எடுப்பதும், செக்ஷனே சுற்றி நின்று இவர் வாயைப் பார்ப்பதும் என் கண்முன் வந்தது. போன் மேல் கையை வைத்தேன்.

"அது மஞ்சள்ங்க" என்றேன். "நான்தான் மாத்தினேன்."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"எதுக்கு மாத்தின?"

"நீங்க ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணும்னு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. போனைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பழையபடி வெச்சிடு" என்றார். "நெஜமா வரும்போது எனக்குத் தெரியணும்."

மாற்றி வைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். புல்காட்டில் அவருக்கு நேர் எதிரே ஒருவன் சிவப்பாக எழுந்து நின்றான். அவர் அவனைத் தாண்டி நடந்துபோனார்.