என் வாயில் வந்திறங்கிய பாஷை

முதலில் விழுந்தது தேநீர். கோப்பையைப் பிடித்திருந்த வலது கை திடீரென்று வேறு யாருடையதோ போலத் தொங்கியது. "துணி கொண்டா" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷை.

எதிரே மனைவியின் அண்ணன் மோசஸ் உட்கார்ந்திருந்தார். அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. ஞாயிறானால் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தகரக்கொட்டகைச் சபை. அங்கே அவர் அந்நிய பாஷை (ஆவியானவர் தரும் வரமாகக் கருதப்படும், பேசுபவருக்கே விளங்காத மொழி) பேசுவார். ஆவடியில் எங்கள் கோயில் பழைய பாணி. ஆவியானவரும் அச்சடித்த ஆராதனை முறைப்படிதான் வரவேண்டும். எனக்கும் அந்த வரம் கிடைக்க வேண்டுமென்று மச்சான் வருடக்கணக்காக ஜெபித்து வந்தார்.

நான் உளறியதும் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"ஸ்தோத்திரம்! எறங்கிட்டாரு மாப்ள! வுடாத, பேசு, பேசு!"

நானும் பேசினேன். அடுக்களையிலிருந்து ஓடிவந்த என் மனைவி கிரேஸ்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, மொதல்ல கைய எறக்கு. அவருக்கு வாய் கோணிக்கினு கீது. ஆம்புலன்சக் கூப்புடு!"

உங்கள் வீட்டிலும் இப்படி வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் தயவுசெய்து ஜெபத்தை ஆம்புலன்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் போனதால் எனக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. கை மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அதற்கு அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் பேச்சிழப்பு; அறிவு அப்படியே இருக்கும், சொல் மட்டும் அகப்படாது) என்றார் மருத்துவர்.

அதன்பின் எனக்கு வந்த இன்னொரு நோயை எந்த ஸ்கேனும் காட்டவில்லை. பேசுகிற எல்லாவற்றின் மீதும் பொறாமை. தெருவில் போகும் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி மீதுகூட. மச்சானின் மீது தனிப் பொறாமை. அவர் புரியாமல் பேசினால் வரம். நான் புரியாமல் பேசினால் வியாதி. திருவேற்காட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் இடம் சொல்லத் திணறியபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, காலைலயே சரக்கா?" முதல் பெந்தெகொஸ்தே நாளில், ஆவியானவர் இறங்கிப் பல மொழிகளில் பேசிய இயேசுவின் சீஷர்களையும் இப்படித்தான் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் பேதுரு இருந்தார்.

பொறாமையின் உச்சி செல்வின். எங்கள் கோயிலில் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று வேதபாடம் வாசிப்பது என் தனிச்சொத்து. பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், கப்பத்தோக்கியா என்று வரும் பேர்களுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அதே கோயில்காரரான செல்வின் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "கவலப்படாதீங்கண்ணே, இந்த வருஷம் நான் படிச்சிக்கிறேன்." கப்பத்தோக்கியாவில் அவர் நாக்கு இடற வேண்டுமென்று ஜெபித்தேன். அந்த ஜெபத்துக்கு மட்டும் சொல் பஞ்சமே வரவில்லை.

பேச்சுப் பயிற்சி தந்த பெண் கிரேஸிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவர் தேடுற வார்த்தைய நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. காத்திருங்க." கிரேஸ் அதைச் சிறை அதிகாரியின் கண்டிப்போடு கடைப்பிடித்தாள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பல மொழிக்காரர்கள் இருப்பதால், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று வேதபாடம் முடிந்ததும் தெலுங்கு, மலையாளம், இந்தி, தமிழ் பேசுபவர்கள் முன்னால் நின்று ஒரே வசனத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். "நீங்களும் நில்லுங்க. அந்தச் சத்தத்துல தப்பு வந்தா யாருக்குத் தெரியும்?" என்றார் ஆயர்.

அந்த ஞாயிறும் வந்தது; செல்வின் ஒரு பெயரிலும் இடறவில்லை. சீஷர்கள்மேல் வந்து அமர்ந்த அக்கினி நாவுகள் அன்று நேராக என் வயிற்றில் வந்து அமர்ந்தன.

பிறகு நாங்கள் வாசித்தோம். எல்லா மொழிகளும் முடிந்தன. நான் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். செல்வின் எனக்குச் சொல் எடுத்துக் கொடுக்க வாய் திறந்தார். முன்வரிசையிலிருந்து கிரேஸின் குரல்: "செல்வின், கம்முனு இரு."

சபை முழுக்கக் காத்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்து வந்தேன். முடித்தேன்.

வாசலில் மச்சான் வந்து என் கையைப் பிடித்தார். எனக்காக அன்று தன் சபைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"மாப்ள, நீ சொன்னது ஒண்ணு வுடாம புரிஞ்சிச்சு. நான் பேசறது எனக்கே இன்னானு தெரியாது. பொறாமையா கீதுப்பா."

எனக்கு அதைக் கேட்டு ஆனந்தமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. முதல் பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பேசியவர்களைத்தான் நாம் கொண்டாடுகிறோம். கலிலேயாக்காரர்களான அந்தச் சீஷர்களின் பேச்சுக்கு அத்தனை ஊர் ஜனமும் காதுகொடுத்து நின்றார்களே, அந்தப் பாதி அதிசயத்தை விட்டுவிடுகிறோம். இன்றைய சபைகளில் நாக்குகளுக்குக் குறைவில்லை. என் சபை அன்று எனக்குக் காதாக நின்றது.

செல்வின் மீது பொறாமை இன்னும் இருக்கிறது; அதற்கு ஊசி இல்லை. ஆனால் நாக்கு இப்போது என்னோடு குடியிருக்கும் ஒரு வயதானவரைப் போல. கூப்பிட்டால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வரும். தாகம் எடுத்ததும் கிரேஸ் தம்ளரோடு வந்து எதிரில் நிற்கிறாள். தண்ணீர் அவள் கையில். எனக்கு வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். தரமாட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை, அடுப்பில் பால் பொங்கினாலும், நிற்கிறாள்.