வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுபோன சொல்

செவ்வாய், பகல் 1.40. கோலியர்ஸ் வுட் சுரங்க ரயில் நிலையம்.

நான் லண்டனுக்கு வந்து ஐந்தாவது நாள்தான் மழை விட்டது. 2006 மார்ச் மாதம். வெயில் இருந்தும் காது விறைத்தது. சென்னையில் நான் கட்டட அமைப்புப் பொறியாளர். எங்கள் சங்கம் அப்போது ஒரு சட்ட முன்வரைவு தயாரித்துக்கொண்டிருந்தது. பதிவு பெறாத யாரும் தன்னைப் ‘பொறியாளர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அதன் முதல் விதி. லண்டனில் இதே கோரிக்கையோடு ஒரு தமிழர் பாராளுமன்றம் போகிறார் என்று கேள்விப்பட்டு, பார்த்து வரும்படி என்னை அனுப்பியிருந்தார்கள்.

அந்தத் தமிழர் அருளானந்தம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இலங்கையில் பொறியியல் படித்தவர். அகதியாக ஜெர்மனி போய் எட்டு வருஷம் சுவர் பூசினார். பிறகு லண்டன் வந்து, மீண்டும் தேர்வெழுதிப் பதிவு பெற்றார். கக்கத்தில் பத்துப் பக்கக் கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு டிக்கெட் வாசலில் நின்றார்.

“வெள்ளனவே வெளிக்கிட்டது நல்லது தங்கச்சி. அங்க செக்கிங்குக்குக் கனநேரம் எடுக்கும்.”

நேர்க்கோட்டில் பத்துக் கிலோமீட்டர்தான். கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒன்பதாவது நிலையமான கென்னிங்டனில் ஒரு மாற்றம், வாட்டர்லூவில் இன்னொரு மாற்றம், அங்கிருந்து அடுத்த நிலையம் வெஸ்ட்மின்ஸ்டர்.

2.30. வெஸ்ட்மின்ஸ்டர்.

இந்த நிலையத்தைப் பார்க்கவே ஒரு பொறியாளர் லண்டன் வரலாம். பூமிக்குள் பெரிய பெட்டியைப் போலத் தோண்டியிருக்கிறார்கள். இருபுறச் சுவரும் உள்ளே சாயாதபடி, ஆள் நுழையும் பருமனில் இரும்புக் குழாய்கள் குறுக்கே முட்டுக்கொடுத்து நிற்கின்றன. தலையை அண்ணாந்தபடியே மின்படியில் ஏறினேன். பின்னால் வந்தவர் இரண்டு முறை ‘சாரி’ சொன்ன பிறகுதான் ஒதுங்கினேன்.

எங்களோடு வந்து தன் கதையைச் சொல்லப் பவானி அக்கா மேலே காத்திருந்தார். கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையை அகலமாக்க நடுச்சுவரை எடுக்கலாமா என்று அவர் கேட்டபோது, ‘இஞ்சினியர்’ என்று அட்டை அச்சடித்த ஒருவன் தட்டிப் பார்த்துவிட்டுத் தாராளமாக எடுக்கலாம் என்றிருக்கிறான். எடுத்த மூன்றாம் நாள் மேல்மாடித் தளம் தொய்ந்தது. மேலே குடியிருந்தவர்கள் கைக்குழந்தையோடு ஓடி இறங்கினார்கள். அன்றே இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தித் தளத்தைக் காப்பாற்றியவர் அருளானந்தம்.

3.45. பாராளுமன்ற நடு மண்டபம்.

எண்கோண மண்டபம், கல் இருக்கைகள். நாங்கள் சந்திக்க வந்தவர், கட்டடப் பாதுகாப்பு மசோதாவை ஆராயும் குழுவில் இருந்த ஓர் உறுப்பினர். உயரமானவர், அவசரக்காரர். எங்களோடு அவர் பேசியது ஆங்கிலத்தில்; தமிழில் தருகிறேன்.

அருளானந்தம் கோப்பைத் திறந்து மூன்றாம் பக்கம் வந்திருப்பார். உறுப்பினர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் திருத்த வருகிறவரும் இஞ்சினியர்தான். அவரையும் தண்டிக்கச் சொல்கிறீர்களா?”

அருளானந்தம் வாயெடுப்பதற்குள் மணி அலறியது. வாக்கெடுப்பு என்று காவலர் ஒருவர் உரக்கக் கூவினார். உறுப்பினர் எழுந்துவிட்டார்.

“இருபது நிமிடத்தில் வருகிறேன். அதற்குள் ஒன்று முடிவு செய்யுங்கள். நீங்கள் தடுக்க நினைப்பது அந்தச் சொல்லையா, அந்த வேலையையா?”

அவர் போனதும் நான்தான் முதலில் பேசினேன். “விட்டுடாதீங்க அண்ணா. அந்தச் சொல் போனா நம்ம கோரிக்கையே இல்லை.”

“ஓம். இந்தச் சொல்லுக்கு நான் ரெண்டு தரம் சோதினை எழுதினனான்,” என்றார் அருளானந்தம்.

பவானி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. அந்தாள் தன்னை டொக்டர் எண்டு போட்டிருந்தாலும் எனக்கென்ன? என்ர சுவரில கை வைக்காமல் இருந்தாக் காணும். அந்தப் பிள்ளை தொட்டிலோட கீழ விழுந்திருந்தா, ஆருக்கு என்ன பட்டமெண்டு ஆர் கேட்டிருப்பினம்?”

எனக்கு முகம் சுட்டது. சென்னையில் நாங்கள் போட்ட எந்தக் கூட்டத்திலும் வீட்டில் குடியிருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்ததில்லை. அருளானந்தம் கோப்பின் கடைசித் தாளைக் கிழித்து, பேனாவை எடுத்து, ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். பாரம் தாங்கும் சுவரை அகற்றும் முன், பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் கணக்குப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். யார் தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சொன்னபடி உறுப்பினர் திரும்பி வந்தார். நின்றபடியே படித்தார்.

“சின்ன வீட்டுக்காரர்களுக்கு இது சுமையாகாதா?”

“ஒரு காலைப்பொழுது வேலை அது. முட்டு நிறுத்தியதைவிடச் சுலபம்,” என்றார் அருளானந்தம்.

“பதிவு உண்மையானதுதான் என்று யார் பார்ப்பது?”

“கவுன்சில் கட்டட அதிகாரி. ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.”

உறுப்பினர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பவானி அக்காவிடம் அந்தக் குழந்தையின் வயதைக் கேட்டார். “ஏழு மாதம்” என்றார் அக்கா. உறுப்பினர் தலையசைத்துவிட்டுப் போனார். பத்துப் பக்கக் கோப்பை அவர் கேட்கவேயில்லை.

வெள்ளி, காலை 10. ஹீத்ரோ விமான நிலையம்.

முந்தின நாள் மாலை உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. அந்த வாக்கியம் ஒரே ஒரு சொல் மாற்றத்தோடு மசோதாவுக்கான திருத்தங்களின் பட்டியலில் அச்சாகிவிட்டதாம். காரை நிறுத்தி என் பெட்டியை இறக்கிய அருளானந்தத்திடம், குழுவில் அது நிறைவேறுமா என்று கேட்டேன்.

“நிறைவேறும் தங்கச்சி. இல்லையெண்டாலும் திரும்பப் போவன். எப்பிடிக் கேக்கவேணுமெண்டு இப்ப தெரிஞ்சிட்டுது.”

விமானத்துக்குக் காத்திருக்கையில் எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். கோட்டையில் அமைச்சர்களிடம் எத்தனை முறை மனு கொடுத்திருக்கிறோம்! சால்வை போர்த்துவோம், படம் எடுப்போம், “பார்க்கிறேன்” என்பார்கள், சிரித்தபடி திரும்புவோம். ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். கேட்டிருந்தால், எங்களிடம் பதில் இருந்திருக்காது.

முன்வரைவை எடுத்து முதல் விதியைக் கோடிட்டு அடித்தேன். சங்கத்தில் இதற்குப் பெரிய சண்டை வரும். மூத்தவர்கள் சிலர் எழுந்தே போவார்கள். வரட்டும். அந்தச் சண்டையை எங்களுக்குள் போட்டு முடித்துவிட்டுத்தான் இனிக் கோட்டைக்குப் போவது.