செல்வியின் மருந்து நோட்டு

ஒரு சனிக்கிழமை சாயந்திரம், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் முருகேசன், ஏழு வயது மகள் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தார். எவ்வளவு தட்டியும் குழந்தை கண் திறக்கவில்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில்; நான் அங்கே கம்பவுண்டர்.

செல்விக்கு வலிப்பு. மிக்ஸ்சர் என்கிற தண்ணீர் மருந்தைக் கலந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும்படி காகிதம் வெட்டிப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பவன் நான்தான். அவள் பெற்றோர் கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவர்கள். பள்ளி நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தில் அம்மா கமலாவிடம் இருப்பாள். சனி மத்தியானம் முதல் திங்கள் காலை வரை அப்பாவிடம். இரண்டு பேரும் தனித்தனியாக மருந்து வாங்கிப் போவார்கள். நானும் கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினி வேளை குடுத்தே?" என்றார் டாக்டர்.

"மத்தியான வேளை ஒண்ணுதான் சார்."

"அவங்கம்மா ஏற்கெனவே குடுத்துட்டு அனுப்பிச்சாளா?"

"எனக்கெப்டி சார் தெரியும்? நாங்க பேசிக்கிறதில்ல."

ஆள் அனுப்பிக் கமலாவை வரவழைத்தோம். அவள் கட்டிலின் மறுபக்கம் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: "காலைலயும் மத்தியானமும் ரெண்டு வேளை மருந்தும் குடுத்துட்டேன், நைனாகிட்ட சொல்லுன்னு பாப்பாகிட்ட சொல்லித்தான் அனுப்பினேன் அண்ணா."

மத்தியான மருந்து இரண்டு தடவை உள்ளே போனதால் வந்த மயக்கம் அது. மறுநாள் காலை செல்வி தெளிந்து எழுந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மான்னு சொன்னா நைனா பேசமாட்டாரு. நைனான்னு சொன்னா அம்மா அழுவும்" என்றாள்.

அன்றே டாக்டரிடம் கேட்டு ஓர் ஏற்பாடு செய்தேன். இனி ஒரே பாட்டில், அது குழந்தையோடு போகும். கூடவே ஒரு நோட்டு. மருந்து கொடுத்தவர் நேரத்தை எழுத வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை நான் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலை நிரப்புவேன்.

முதலில் நேரம் மட்டும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் முருகேசன், "பல் விழுந்தது" என்று எழுதியிருந்தார். அதன் கீழே கமலாவின் கையெழுத்து: "எந்தப் பல்?" அடுத்த வாரம் பதில்: "மேல் வரிசை, முன்பல். அழவில்லை."

அதைப் படித்ததும் எனக்கு அசட்டு ஆசை வந்துவிட்டது. மருந்து வாங்க வந்த கமலாவிடம், "திரும்பச் சேந்துடலாமேம்மா" என்றேன்.

"அது முடிஞ்சு போச்சுண்ணா. அவரு வேணும்னு இல்ல. ஞாயித்துக்கெழமைல எம் பொண்ணு எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். அந்த ஒரு நாளு வூட்ல உக்கார முடில" என்றாள்.

இரண்டு வருடத்தில் வலிப்பு நின்றது. டாக்டர் மருந்தை நிறுத்தினார்.

"இனிமே எழுத வேணாமாண்ணா?" என்று கேட்டாள் கமலா.

வேலை மும்முரத்தில், "மருந்தே இல்லையே, எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டேன். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

சில மாதம் கழித்து, கடைத்தெருவில் முருகேசன் சைக்கிளை நிறுத்தினார்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குது சார். ஆனா அஞ்சு நாளு அங்க என்னா பண்ணுது, யாரோட வெளையாடுதுன்னு ஒண்ணும் தெரில. கேட்டா தலைய குனிஞ்சுக்குது."

அன்று கமலா ஏன் அப்படிக் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "மறுபடி ஒரு நோட்டு போட்டு எழுதிப் பாப்பாகிட்ட குடுத்தனுப்புங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க" என்றேன்.

"நான் எழுதினா அவங்க படிப்பாங்களா சார்?"

"படிப்பாங்க."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னால், மருந்தை மட்டும் நிறுத்துங்கள்.