மூக்கடைப்போடு ஒரு கிரிவலம்

பள்ளி ரிலே அணிக்கு ஆள் எடுக்கிற வாரம் பார்த்துத்தான் எனக்குச் சளி பிடித்தது. என்னைவிட வேகமாக ஓட ஏழாம் வகுப்பில் யாரும் இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது கைக்குட்டையும் கையுமாக நின்றேன்.

ஓடலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. நாலு சுற்று ஓடி வேர்த்தால் சளி போய்விடும் என்பது அப்பாவின் கட்சி. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அம்மாவோ, "ஓடினா சளி நெஞ்சுல எறங்கிடும். மொதல்ல மூக்கு சரியாகட்டும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். மற்றவர்கள் மைதானத்தில் ஓட, நான் போர்வைக்குள் நொச்சி ஆவி பிடித்தபடி அழுதேன். ஆவி பிடிக்கும்போது அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

அணிக்கு ஆள் எடுக்கிற கடைசி நாளுக்கு முந்தின நாள் எனக்கு மூக்கு திறந்துகொண்டது. ஆனால் சளி வீட்டைவிட்டுப் போகவில்லை, அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, வெறுங்காலோடு கிரிவலத்துக்குக் கிளம்பி நிற்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். "நான் நாலு சுத்து ஓடக் கூடாது, நீ மட்டும் மலையையே சுத்தலாமா?"

"நீ ஓடுறது எக்சர்சைஸ். இது வேண்டுதல்டி. இதுல சளி எறங்காது" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் போகலாமே என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"சளி சரியானதும் வரேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேங்க. அதான் சரியாயிடுச்சே" என்று ஒரு தும்மல் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். எது சரியாகிவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்குத்தான் மூச்சே விட முடியவில்லையே.

அன்று ஓடினேன். என்னை அணியில் எடுத்துக்கொண்டார்கள். சொல்வதற்கு வீட்டுக்கு ஓடிவந்தால், அம்மா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பாதத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு வாங்குச்சா?" என்று கம்மிய குரலில் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சலில் அத்தனை நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை.

அணியில் சேர்ந்த தெம்பில் அவளுக்குப் புத்தி சொன்னேன். தினமும் உடற்பயிற்சி செய்தால் உடம்பு இப்படிப் படுக்காது, என்னைப் பார், வந்த சளி தானாகவே போய்விட்டது என்றேன். அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க தேய்ங்க" என்றாள் அம்மா.

நான் சொன்னதை இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த வேண்டுதல் யாருடைய சளிக்கு என்று கேட்க மட்டும் தோன்றவே இல்லை.