வரலாற்று ஆசிரியை வரலாற்றில் தோற்ற நாள்

1. என் மாமியார் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு உள்ளே போனார்.
2. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
3. கூட்டிப்போன அதிகாரியே அவரைக் கதவு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.
4. ஆங்கிலத்தில் தேர்ச்சி. அமெரிக்க வரலாற்றில் தோல்வி.
5. அத்தை, ஓய்வு பெறும்வரை விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தோம்.

அத்தை இந்தத் தேர்வுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. ஊரில் அவருடைய தங்கைக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அத்தை போனால் மாதக்கணக்கில் கூட இருக்க வேண்டும். போன முறை அப்படித் தங்கிவிட்டுத் திரும்பியபோது விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். கிரீன் கார்டு இங்கே வாழ்பவர்களுக்குத்தான், இன்னொரு முறை இவ்வளவு நாள் வெளியே இருந்தால் திரும்பி வருவது சிக்கலாகும் என்றார். மகன் ஜெர்சி சிட்டியில், தங்கை விழுப்புரத்தில். இரண்டு பக்கமும் பயமில்லாமல் போய்வர அத்தைக்குக் குடியுரிமை வேண்டும்.

நான் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதனை செய்கிறவள். கேள்வி, எதிர்பார்க்கும் விடை, தேறியதா இல்லையா. தேர்வையும் அப்படித்தான் பார்த்தேன். மாலையில் சமையலறையில் நான் கேட்பேன். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வார்.

“குடியேறினவங்க பிரிட்டிஷ்காரங்களோட ஏன் சண்ட போட்டாங்க, அத்தை?”

“ஏழாண்டு யுத்தம் முடிஞ்சப்ப இங்கிலாந்து கஜானா காலி. அத ஈடுகட்ட…”

“வரி. அந்த ஒரு வார்த்த போதும்.”

“வெறும் வரியா? வரி எல்லா ராஜாவும்தான் போட்டான். பார்லிமென்ட்ல இவங்களுக்காகப் பேச ஒரு ஆளு இல்ல, வரி மட்டும் கட்டணும். அதுக்குதான் சண்ட. நீயும்தான் வந்த நாள்லேர்ந்து டேக்ஸ் கட்டுற. ஓட்டு இருக்கா உனக்கு?”

“இத இன்டர்வியூல கேட்றாதீங்க.”

சுதந்திரப் பிரகடனத்தில் இன்னும் மோசம். அது என்ன செய்தது என்பது கேள்வி. விடுதலையை அறிவித்தது என்பது விடை. அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“எல்லாரும் சமம்னு எழுதினவங்க வீட்லயே அடிமைங்க இருந்தாங்க. அதச் சொல்லாம இந்தப் பாடத்த எப்படிம்மா முடிக்கிறது?”

“முடிக்க வேணாம் அத்தை. விடைய மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டு வரி எழுதின பையனுக்கு நான் மார்க்கே போட்டதில்ல” என்று முனகிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்தார்.

நேர்காணல் அன்று வண்டிக்குள் ஏறியதும் அத்தை பெல்ட் போடாமல் அதிகாரி கொடுத்த முடிவுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்டார்கள் என்றேன்.

“அதே கேள்விதான். ஏன் சண்டன்னு. வரி, பார்லிமென்ட்ல இடமில்லன்னு நல்லாத்தான் ஆரம்பிச்சேன். அந்தத் தம்பி கையக் காட்டி ‘ஓகே ஓகே’ன்னு நிறுத்திட்டாரு.”

“சரியான விடைன்னு அர்த்தம் அத்தை.”

“நடுவுல நிறுத்தினா எப்படிம்மா சரின்னு ஆகும்? ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன்ல அதிகாரி கையக் காட்டினா தப்புன்னுதான் அர்த்தம். உடனே நான் சாரி சார், வரி இல்லன்னு சொல்லி, மதச் சுதந்திரத்துக்காகன்னு மாத்திட்டேன்.”

மதச் சுதந்திரம் தேடி இங்கே கப்பலேறி வந்தார்கள். சண்டை போட்டது வேறு காரணத்துக்கு. என்னைவிட அத்தைக்கு இது நன்றாகத் தெரியும்.

பிரகடனத்தையும் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டிலிருந்து தொடங்கியிருக்கிறார். விடையை மட்டும் சொல்லுங்கள் என்று அதிகாரி சொன்னதும் பதறிப்போய், அடிமைகளை விடுவித்தது என்று, பின்னாளில் வந்த வேறொரு பிரகடனத்தின் விடையைச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு கேள்வியைக் கவனிக்கவே இல்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அதிகாரி கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினாராம். இன்னொரு வாய்ப்பு உண்டு என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

வண்டியைக் கிளப்புவதற்குள் அத்தையின் தங்கை போனில் கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாஸாக்கா?”

“இன்னொரு தடவ வரச் சொல்லிருக்காங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “ஊரு புள்ளைங்கள எல்லாம் ஃபெயிலாக்கினியே, வாங்கு.” சிரிப்பு பாதியில் நின்று மூச்சு வாங்கியது. பிறகு, “அவசரமில்ல, நிதானமா வா” என்றார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு பயிற்சியை மாற்றினோம். விடைகள் அவருக்குத் தெரியும், அவற்றைத் தொடவில்லை. அத்தை பேசும்போது நான் கையைக் காட்டி ‘ஓகே’ என்று வெட்ட வேண்டும்; அவர் சொன்னதை மாற்றாமல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் நாள் என் கை எழவே இல்லை. அவர் பிலடெல்பியா தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

“கையக் காட்டும்மா. எங்க மாமியாருகிட்ட இப்படிச் செஞ்சிருந்தா அன்னிக்கே பொட்டி கட்டி அனுப்பியிருப்பாங்க. நீ தைரியமா காட்டு.”

வேலை முடிந்து வந்த என் கணவர், தன் அம்மா பேசப் பேச நான் கையை நீட்டி அடக்குவதைப் பார்த்து, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். “என்ன நடக்குது இங்க?” என்றார். “படிக்கிறோம்டா, போ” என்றார் அத்தை.

மறு நேர்காணல் அடுத்த மாதம். இடையில் ஊருக்குப் போனால் தேதிக்குள் திரும்ப முடியாமல் போகலாம் என்பதால் அத்தை போகவில்லை. தங்கையை டயாலிசிஸுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிப்போகிறார். அவரும் வேலைக்குப் போகிறவர். எவ்வளவு காலம் முடியும் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேற்று நான் குறுக்கிட்டபோது அத்தை ஒரு விடையை மாற்றினார். மற்றவற்றை மாற்றவில்லை.